ஒன்பதில்லை

எங்களில் ஆட்களை எண்ணக் கூடாது.
எண்ணினால் கண்பட்டுவிடும்.
அதனால் எண்ணாமல் எண்ணுவோம்:
ஒன்றில்லை, இரண்டில்லை, மூன்றில்லை.

ஹனுக்காவின் எட்டாம் இரவு.
சுப்பீரியர் ஏரியிலிருந்து பனி படுத்தவாக்கில் வீசியது.
ஜெப ஆலயத்தின் நிலவறைக் கூடத்தில்
ஒன்பதில்லை வரை வந்து நின்றுவிட்டது கணக்கு.
பத்துப் பேர் கூடாமல் காடிஷ் சொல்ல முடியாது.
அன்று அப்பாவின் திதி.

உருளைக்கிழங்கு அடை பொரிந்துகொண்டிருந்தது.
ஷெல்டன் க்ராவிட்ஸ் ஆப்பிள் கூழ் கட்சி,
அவர் மனைவி புளித்த பாலேட்டுக் கட்சி.
நாற்பது வருடமாக எந்தத் தரப்பும் சரணடையவில்லை.
ஹீட்டரை உதைத்து எழுப்பியது,
வாசல் பனியை வாரியது,
எண்ணெய் டின்னைச் சுமந்து வந்தது
எல்லாம் ஆர்விட். என் கணவர்.
ஞாயிறு காலை லூத்தரன் சர்ச்சில்
கடைசி வரிசையில் நின்று கனத்த குரலில் பாடுகிறவர்.

பம்பரம் விட்டுக்கொண்டிருந்த லிப்மன் வீட்டுக் குட்டிப் பெண்
எழுந்து வந்து எங்கள் வயிறுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.
ஆர்விட்டின் பெல்ட்டைத் தொட்டு
"பத்தில்லை" என்றாள்.
யாரும் சிரிக்கவில்லை.
எங்கள் இலக்கணப்படி அது பத்தாவது ஆள்.
எங்கள் சட்டப்படி
அவள் சொன்னது சொன்னபடியே.

என் கல்யாணத்துக்கு அப்பா வரவில்லை.
கண்ணாடிகளைத் துணியால் மூடி
சட்டைக் கழுத்தைக் கிழித்துக்கொண்டு
ஏழு நாள் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தார்.
ஊரே போய் துக்கம் விசாரித்து
அவித்த முட்டை கொடுத்துவிட்டு வந்தது.
செத்துப்போனவள் மூன்று தெரு தள்ளி
காபி குடித்துக்கொண்டிருந்தேன்.
எனக்குக் காடிஷ் சொன்ன வாய்க்கு
நான் காடிஷ் சொல்கிறேன், இது பதினேழாவது வருடம்.
ஏனென்று கேட்காதீர்கள்.
திரி பற்றும்போது பாதி தெரியும்,
அப்புறம் அதுவும் போய்விடும்.

"மார்ட்டைக் கூப்பிட்டால்?" என்றார் யாரோ.
மார்ட்டன் ஸெலிகோவிட்ஸ், மெத்தைக் கடை, வயது எண்பத்தெட்டு,
கார் சாவியை மகன் பிடுங்கி வைத்துக்கொண்டான்.
உறுப்பினர் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கத்
தீர்மானம் கொண்டுவந்தவர்.
நிறைவேறியது.
பதினோரு வருடம் கழித்துக் கூரை ஒழுகியபோது
நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு
முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தார்கள்.

ஆர்விட் ஒன்றும் பேசாமல் சாவியை எடுத்தார்.
நகராட்சியின் பனிவாரி லாரி.
அதில் வெளியாள் ஏறக் கூடாது என்று கதவிலேயே எழுதியிருக்கும்.

அடை ஆறியது.
மஞ்சள் விளக்கு சுழன்று சுழன்று சன்னலுக்கு வந்தபோது
எட்டுத் திரியும், ஏற்றிவைத்த ஒன்பதாவதும்
விரல்நக அளவுதான் மிச்சம்.
மார்ட் ஆர்விட்டின் தோளைப் பிடித்து இறங்கி
"ராணுவத்தில்கூட இவ்வளவு உயரத்தில் உட்கார்ந்ததில்லை" என்றார்.
என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.
பத்தில்லை.

சொன்னேன்.
அரமேயச் சொற்கள். மரணம் என்ற வார்த்தையே வராத
மரணப் பிரார்த்தனை.
சொல்ல வேண்டிய இடங்களில் ஆமென் சொன்னார்கள்.
கதவருகே, கையுறையைக் கழற்றாமல் நின்றவரின் ஆமென்
எப்போதும்போல அரை நொடி முந்தி வந்தது.

ராத்திரி படுக்கையில் ஆர்விட் சொன்னார்:
மார்ட்டின் பேரன் ஜூலையில் ஒரு கொரியப் பெண்ணைக் கட்டுகிறானாம்.
சாக்ரமென்டோவில். சர்ச்சில்.
கிழவர் டிக்கெட் எடுத்தாயிற்றாம்,
புதுக் கோட் தைக்கக் கொடுத்தாயிற்றாம்.
"வழியெல்லாம் அதே பேச்சு" என்றார்.
"சந்தோஷமாக இருக்கிறார்."

நல்லது என்றேன்.
அவர் தூங்கியதும் எழுந்து சமையலறைக்குப் போய்
மார்ட்டுக்கென்று மூடி எடுத்துவைத்து
கொடுத்தனுப்ப மறந்த நாலு அடையையும்
நின்றபடியே தின்றேன்.
சில்லிட்டிருந்தது. உப்பு சரியாக இருந்தது.

மேசையில் கண்ணாடித் தம்ளருக்குள் அப்பாவின் மெழுகுவர்த்தி.
இன்னும் பதினெட்டு மணி நேரம் எரியும்.
ஊதி அணைக்கக் கூடாது.
ஊதத் தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன்.