இறக்குக்கூலிச் சீட்டு

ஜன்னலுக்குள் இருந்தவள் தலை தூக்காமல் எழுதினாள்:
ஸ்கேன், மாசி பதினெட்டு.
இது ஆனி என்றேன்.
ஆனிதான் என்றாள்.
மெஷின் இன்னும் வரல்ல அண்ணா,
ஆசாரிபள்ளத்துக்குப் போனாலும்
இதே வரிசைதான்.

எனக்குப் பின்னால் நின்ற களியக்காவிளைக்காரி கேட்டாள்:
மாசிக்குள்ள செத்துப்போனா
இந்தச் சீட்டைத் திருப்பிக் குடுக்கணுமா பிள்ளே?
சிரித்ததில் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

மெஷின் வரவில்லையா.
மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழே
கட்டஞ்சாயா ஆறும்வரை
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன ஆவணி, திருவோணத்துக்கு மறுநாள்.
மழை.
லாரி பின்பக்கமாக ஏறி வந்து நின்றது.
நான், செல்லன், நசீர், வர்க்கீஸ்,
குலசேகரத்திலிருந்து இரண்டு புதுப் பையன்கள்.
பெட்டி மூன்று.
பெரியதன் மேல் மேல்நோக்கி இரண்டு அம்பு,
உடையாத ஒரு கண்ணாடிக் கிண்ணத்தின் படம்.
பூப்போல எறக்கணும் ஓய், கோடிக்கணக்கில் விலை
என்றார் குடைக்குள் இருந்த ஸ்டோர்காரர்.
பூப்போலத்தான் இறக்கினோம்.
பாதி இறக்கத்தில் என் இடுப்புக்குள்
ஈரக் கயிறு ஒன்று அறுந்தது.
பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுத்தான்
கத்தினேன்.

ஷைனியின் டைப்பிங் கடையில் மனு எழுதினேன்.
பத்து ரூபாய் ஸ்டாம்புக்கு,
முப்பது அவளுக்கு.
எந்தத் தேதியில் வந்தது, யார் வாங்கினார்கள்,
எப்போது ஓடும்? மூன்றே கேள்வி.
முப்பது நாளில் பதில் வரணும் என்றாள்.
நாற்பத்தொன்றாம் நாள் வந்தது:
"மேற்படி கருவி கொள்முதல் நடவடிக்கையில் உள்ளது.
இந்நாள்வரை இம்மருத்துவமனைக்கு வரப்பெறவில்லை."
கையெழுத்து நல்ல நீலம்.
கீழே முத்திரை, கொஞ்சம் சாய்ந்து.

இடதுகாலை இழுத்துக்கொண்டு
பழைய பிரசவ வார்டுக்குப் பின்னால் போனேன்.
தார்ப்பாய்க்கு அடியில் மூன்றும் இருந்தன.
செல்லனின் கம்பிப்பாரை கிழித்த கீறல்
பலகையில் அப்படியே இருந்தது.
கிண்ணத்தின் படத்தை மழை அழித்திருந்தது,
அம்புகள் மட்டும் மேலே காட்டின.
ஓரத்தில் பூனை ஒன்று நாலு குட்டி போட்டிருந்தது.
அதற்கு ஒரு நாளும் காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

அறை கட்டவில்லை என்றார் ஒருவர்.
கட்டப் பணம் வரவில்லை என்றார் இன்னொருவர்.
வந்த பணம் வேறு தலைப்பில் வந்தது என்றார்
வாட்ச்மேன், பீடியை அணைத்தபடி.
அவருக்கு மட்டுந்தான் முழுசாய்த் தெரிந்திருந்தது.

வீட்டில் பைபிளுக்குள், சங்கீதம் பக்கத்தில்,
அந்த ரோஸ் காகிதம் கிடந்தது.
எங்கள் சங்கத்தின் சீட்டு:
பெட்டி மூன்று, ஆள் ஆறு,
இறக்குக்கூலி நாலாயிரத்து எண்ணூறு,
தேதி, நேரம்,
பெற்றுக்கொண்டவர் கையெழுத்து.
அதே நீலம்.
அதே சாய்ந்த முத்திரை.

மேல்முறையீட்டுக்கு ஷைனி பணம் வாங்கவில்லை.
நாகர்கோவிலுக்கு எழுதணும், விலாசம் போட்டாச்சு,
சீட்டு நகல் மூணு எடுத்தாச்சு,
இந்த ஒரு கட்டம்தான் பாக்கி அண்ணா என்றாள்.
மறுக்கப்பட்ட தகவல் தங்களுக்கு
எவ்வாறு தெரியவந்தது?

நீளமாய் அடிக்கத் தொடங்கினவளை நிறுத்திவிட்டு
பேனா வாங்கி
என் கையாலேயே எழுதினேன்:
நான்தான் இறக்கினேன்.
சுந்தர்சிங், சுமட்டுத் தொழிலாளி, பேட்ஜ் நம்பர் 37.