இடது காதில் அரைநிலா

ஒபதியா ஸ்ட்ரட்விக்,
உன்னைத் தேடி வந்து
சொத்துவரி கட்டுகிறவர்களின் வரிசையில்
முக்கால் மணி நேரம் நின்றேன்.
பனி உருகி என் பூட்ஸைச் சுற்றிச் சின்னக் குட்டை.
நாய்க்கு உரிமம் கேட்டவருக்குப் பிறகு
என் முறை.

நகர மண்டபத்தின் நிலவறையில் இருந்தது உன் ஊர்ப் புத்தகம்.
கன்றுத்தோல் அட்டை, எலி கொறித்த மூலை.
உன் பெயரை நான்கு விதமாக எழுதியிருக்கிறான் அந்தக் காலத்துக் குமாஸ்தா:
ஸ்ட்ரட்விக், ஸ்ட்ராடிக், ஸ்ட்ரெட்டக்,
ஓரிடத்தில் வெறும் ஸ்ட்.
மை தீர்ந்ததோ, பொறுமை தீர்ந்ததோ.

உன் பசுவைப் பற்றி அவனுக்குச் சந்தேகமே இல்லை.
செந்நிறம். வலக்கொம்பு முறிந்தது.
இடது காதில் அரைநிலா வெட்டு,
அதன் கீழே ஒரு துளை.
முந்நூற்று எண்பது வருடம் கழித்தும்
சந்தையில் நூறு மாடுகளுக்கு நடுவே
நான் அதைக் கண்டுபிடித்துவிடுவேன்.

உன் முதல் மனைவியை முடியாது.
‘ஒபதியாவின் மனைவி, பிரசவத்தில், பிள்ளையோடு.’
மாதம் மார்ச். வேறொன்றும் இல்லை.

கொரின்னா அத்தை சொல்வாள்,
நாம் ஒரு பிரபுவின் வழி,
வேதத்துக்காகக் கடல் கடந்தவர்கள் என்று.
அவள் வீட்டு மாடிப்படியில் ஒரு கேடயப் படம்,
தபாலில் முப்பது டாலருக்கு வாங்கியது;
அதில் சிங்கத்துக்குச் சற்றே மாறுகண்.
நீ பன்றிக் காவலன், ஒபதியா.
ஊர்க்கூட்டம் கைதூக்கி உன்னைத் தேர்ந்தது.
மூக்கில் வளையமில்லாத பன்றி ஒவ்வொன்றுக்கும்
உடையவனிடம் ஆறு பென்ஸ் தண்டம் வசூலித்தாய்.
பிறகு உன் பன்றியே
போதகரின் பட்டாணிப் பாத்தியில் புகுந்தது.
உனக்கு நீயே தண்டம் விதித்தாய்.
கட்டியதாகப் பதிவு இல்லை.
முதல்முறையாக
இந்த இடத்தில்தான் எனக்கு உன்னைப் பிடித்தது.

இரண்டாம் மனைவிக்குப் பெயர் உண்டு: மெகேதபேல்.
அவளுக்குப் பிறந்த பெண்ணுக்கு
நன்றி என்று பெயர் வைத்தீர்கள்.
ஒன்பது நாள் இருந்தது.
அடுத்த பெண்ணுக்கும் நன்றி.
தொண்டை அடைத்து, நான்கு வயதில்.
மூன்றாவதற்கும் அதே பெயர்.
பிடிவாதமா, பக்தியா,
இல்லை, தைத்த சட்டையை வீணாக்க வேண்டாமென்றா?
தொட்டிலின் மேல் குனிந்து
அந்தப் பெயரைச் சொல்ல
மெகேதபேலுக்கு நா எழுந்ததா?
எழுந்திருக்க வேண்டும்.
குழந்தையை ஏதாவது சொல்லிக் கூப்பிட்டாக வேண்டுமே.
மூன்றாம் நன்றியின் வயிற்றில்தான்
நாங்கள் எல்லோரும்.

அடுத்த பக்கம் நில விற்பனை.
வெள்ளை ஓக் மரத்திலிருந்து கற்குவியல் வரை,
அங்கிருந்து செத்த குதிரை கிடந்த இடம் வரை.
விலை, மேலங்கி ஐந்து, செப்புக் கொப்பரை ஒன்று.
வாங்கிய பதினோரு பேரில் நீ ஏழாவது.
கையெழுத்து வராத உனக்கு
ஒரு கோணல் பெருக்கல் குறி.
விற்றவன் வரைந்திருந்தான் ஒரு மான்,
நான்கே கோட்டில்,
கழுத்தைத் திருப்பிப் பார்க்கிற மான்.
அவன் பெயரும் மூன்று விதமாக.

“அது எங்கள் வழி,” என்றாள் ரோவேனா,
சற்றுமுன் நாய் உரிமத்தில் முத்திரை குத்தியவள்.
நிப்மக் என்றாள். இங்கேயேதான் இருக்கிறோம் என்றாள்,
நான் கேட்காத, ஆனால் பலரும் கேட்டிருக்கிற
ஒரு கேள்விக்கு.
ஏதாவது சொல்லியிருக்க வேண்டும் நான்.
“அழகான மான்,” என்றேன்.
“அந்தக் கொப்பரை ஓட்டை,” என்றாள்.
“எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்.”
சிரித்தாளா என்று தெரியவில்லை;
விளக்கு அவளுக்குப் பின்னால் இருந்தது.

நான்கு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.
முதற்குடியேறிகள் சங்கத்தின் படிவம் மடியில்.
தலைமுறைக்கு இரண்டு கட்டம், கணவன், மனைவி.
முதல் மனைவிக்கு அதில் இடமே இல்லை:
அவள் வழியில் யாரும் வரவில்லையாம்.
ஓரத்தில் பென்சிலால்
மார்ச் என்று மட்டும் எழுதினேன்.
அழித்தேன். மறுபடி எழுதினேன்.

வெளியே இருட்டு.
வண்டிக் கண்ணாடியின் பனிக்கடியில் ஒரு தண்டச்சீட்டு,
பதினைந்து டாலர்.
எண் சரி. நிறம் சிவப்பு, சரி.
முன்பக்கம் இடது விளக்கருகே நசுங்கல்,
அதையும் குறித்திருக்கிறார்கள்.
ஓட்டியவர் பெயர் என்ற இடத்தில்
ஒரு கோடு.