ரிவர்ஸ் இல்லாத ஆறு வாரம்

செப்டம்பர் கடைசியில் செத்தது ரிவர்ஸ்.
முன்னால் போகும்,
முனகிக்கொண்டே இரண்டாம் கியருக்கு ஏறும்,
பின்னால் மட்டும் வராது.

அன்றிலிருந்து லியோகாடியா
சரிவு பார்த்துத்தான் வண்டியை நிறுத்தினாள்.
மோராவில் தபால் நிலையத்துக்கு எதிரே
மூக்கு மேட்டைப் பார்க்க.
நியூட்ரலில் விட்டால் தானாக உருண்டு வெளியே வரும்.
வங்கிக்குப் போவதையே விட்டாள்,
அங்கே எல்லாம் சமதளம்.

எண்பத்தாறாம் வருஷத்து சபர்பன்.
உடம்பு பச்சை, ஒரு கதவு மட்டும்
வேறெந்த வண்டியிலிருந்தோ வந்த வெள்ளை.
பின்னால் டிரெய்லரில் முந்நூறு கேலன் தண்ணீர்.
மேலே கிணறு வற்றிய நான்கு வீடுகளுக்கு
வாரம் மூன்று நடை.
நான்கில் ஒன்று என்னுடையது.

ஆயில் குச்சியை உருவி என்னிடம் நீட்டினாள்.
சிவப்பாக இருக்கவேண்டியது காபி நிறத்தில்,
தீய்ந்த ரொட்டி வாசனை.
அடித்தட்டைக் கழற்றியபோது
காந்தத்தின் மேல் இரும்புத்தூள்
ஆட்டு ரோமம்போல் அடர்ந்திருந்தது.

செலடோனியோவின் உடைசல் யார்டில் ஒன்று கிடந்தது:
நானூறு டாலர், முப்பது நாள் உத்தரவாதம்.
"நல்லா ஓடிட்டிருந்த வண்டியில எடுத்தது."
நன்றாக ஓடியதை ஏன் உடைத்தாய் என்று
அவள் கேட்கும் முன்பே
கடமான் மோதிய கதையை ஆரம்பித்துவிட்டான்.

வில்ஃப்ரீடோவின் கொட்டகையில்
பழைய மூன்று கியர், எதைக் கட்டினாலும் இழுக்கும்.
ஓவர்டிரைவ் கிடையாது,
நெடுஞ்சாலையில் எஞ்சின் தொண்டை கிழியக் கத்தும்.
பொருத்த டிரைவ்ஷாஃப்டை வெட்டி ஒட்டவேண்டும்.
கம்ப்யூட்டர் கேட்கும் புதிய ரகமும் உண்டாம்.
இந்த வண்டியில் கடிகாரமே
நாலே காலில் நின்று வருஷம் ஒன்பது.

அல்பகர்க்கியிலிருந்து தம்பி ரோமால்டோ பேசினான்:
வித்துத் தொலை.
வண்டி பெறுவது ஆயிரத்தெண்ணூறு,
கியர்பாக்ஸைப் பிரித்துக் கட்ட இரண்டாயிரத்து இருநூறு.
சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்.
அவள் தீவனச் சாக்கின் முதுகில்
கணக்கை எழுதிப் பார்த்தாள்.
அவள் கணக்கில் வண்டியின் விலை வரவே இல்லை.
வீடு, கேலன், நடை,
பனி விழ எத்தனை நாள்
என்றுதான் வந்தது.

லாஸ் வேகாஸில் ஒஃபீலியாவின் பட்டறை.
(சூதாட்ட ஊர் இல்லை, அது வேறு,
இங்கே சூதாட்டம் மழையோடு மட்டும்.)
விலை சொல்லும் முன் கேள்விதான் கேட்டாள்.
சரிவு எவ்வளவு?
இறங்கும்போது பிரேக்கா, கியரா?
கடைசியாக அறுபது மைல் வேகத்தைத் தொட்டது எப்போது?
லியோகாடியா நெடுநேரம் யோசித்தாள்.
"ஜூலையில. பல் பிடுங்க."

பிறகு ஒஃபீலியா பானெட்டைத் திறந்து
கார்புரேட்டர் பக்கம் ஒரு கேபிளை
விரலால் மீட்டினாள். தொளதொள.
இது இறுக்கமாக இல்லாவிட்டால்
உள்ளே அழுத்தம் பிறக்காது,
பாரம் ஏற ஏற பட்டைகள் வழுக்கிக் கருகும்.
"கார்புரேட்டரை யார் மாற்றினது?"

போன வருஷம் ஈஸ்டருக்கு வந்த ரோமால்டோ.
மத்தியானம் முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே மாற்றினான்.

அவனிடம் அவள் இன்னும் சொல்லவில்லை.
நானும் சொல்லமாட்டேன்.

முடிவு அங்கேயே ஆயிற்று.
அதே பெட்டி. அதன் முதல் கியர்தான்
மூன்று கியர்க்காரனைவிட ஆழம்,
எங்கள் மேட்டுக்கு அதுதான் வேண்டும்.
உள்ளே எல்லாம் புதுசு,
ரேடியேட்டருக்கு முன்னால் தனிக் கூலர் ஒன்று,
கேபிளை ஒஃபீலியாவே கட்டுவாள்,
வேறு எவர் கையும் படக்கூடாது.
பணம் மூன்று தவணை.
நடுத் தவணை பாதி விறகாக.

நவம்பர் பத்து. தூவலாகப் பனி.
ஆறு வாரமாக அவள் சாலையிலேயே நின்று
எண்பதடி ஹோஸை இழுத்துவருவாள்,
நான் மறுமுனையைப் பிடிப்பேன்.
அன்று ஹோஸை எடுக்கவில்லை.
லீவரை நகர்த்தினாள், ஒரு மூச்சு தாமதம்,
டக் என்று பிடித்தது.

வெள்ளைக் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டி,
டிரெய்லர் ஒருமுறை கோணிக்கொள்ள
முன்னால் போய்த் திருத்திக்கொண்டு
தொட்டிவரை பின்னாலேயே வந்தாள்.
வண்டிகள் பின்னால் வரும் என்பதை மறந்து
அந்த இடத்தில் படுத்துப் பழகியிருந்த என் நாய்
கடைசி நொடியில் எழுந்து நகர்ந்து,
திரும்பி, டயரைப் பார்த்து
வெகுநேரம் குரைத்தது.