தன்ட பாட்டுல

புரட்டாதி முடிகிற கிழமை.
கல்முனைச் சந்தைக்குப் பின்னால்
மீன் பெட்டியின் ஐஸ் உருகி ஓடுகிற சந்தில்
பளீலா பெயின்ட் வாளிகளில் கிழங்கு வைத்து விற்கிறாள்.
பூ இல்லை. இலை இல்லை.
மண் ஒட்டிய வெங்காயம் போல, இஞ்சி போல,
கறிக்கு வாங்க வந்தவள் மாதிரி
ஒவ்வொன்றாய் அமத்திப் பார்க்கிறேன்.

"ஆரு மிஸ்ஸி பாக்குற?" என்கிறாள்.

ஒருவரும் இல்லை.
ஆறரைக்கு பஸ். கிழமையில் மூன்று நைட்.
வீட்டில் இருக்கிற பகலில்
யன்னலுக்குச் சேலை கட்டித் தூங்குகிறேன்.
போன வருடம் வாங்கிய ரோசா
ஓவர்டைம் மாதத்தில் செத்தது;
அதன் சட்டியில் இப்போது உடுப்புக் கிளிப்.
பாண்டிருப்பு மண் சீனி மாதிரி,
ஊற்றிய தண்ணீர்
வாளியைக் கீழே வைக்கும் முன் காணாமல் போகும்.
கிணற்றில் உப்பு. மார்கழியில் முற்றத்தில்
கணுக்கால் வெள்ளம்.

வார்டில் ஆளை ஒப்படைக்கிறபோது சொல்வது போல
எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.
அவள் ஒரு வாளியைத் தள்ளினாள், ஒன்றை இழுத்தாள்.

"சம்பங்கி வேணாம், வெள்ளத்துல அழுகும்.
கல்வாழ வைக்கலாம், பாத்ரூம் தண்ணி போற பக்கம்.
அதுக்கு வெள்ளமெண்டா பெருநாள்.
இந்தா சிலந்தி லில்லி. மதில் ஓரம் வைங்க,
உப்புக் காத்துக்கு மசியாது, ஆடும் வாய் வைக்காது.
இது மழை லில்லி, சின்னன்.
வெயில்ல செத்த மாதிரிக் கிடக்கும்,
புடுங்கி வீசிராதீங்க.
மழ பெஞ்சு மூணாம் நாள் பாருங்க."

எரு?
"வேணாம்."
தண்ணி?
"ஐப்பசி ஊத்தும்."
கிளறி விடணுமா?
"கைய வைக்காதீங்க மிஸ்ஸி. அது தன்ட பாட்டுல கிடக்கும்."

இருபத்தொரு வருடமாகக்
கையை வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மூலையில் ஈரச் சாக்கு மூடிய ஒரு வாளி.
சாக்கின் கிழிசலில் கலப்பை போல வளைந்த கிழங்கு.
அவள் காட்டவில்லை. நான் கேட்கவில்லை.
அதை அரைத்துக் குடித்து வந்த ஒரு பிள்ளையை
மூன்று இரவு பார்த்திருக்கிறேன்,
நாலாம் இரவு கட்டில் வெறுமை.
அதுவுமில்லாமல்
கார்த்திகையில் அந்தப் பூ எந்த முற்றத்தில் நிற்கிறது என்று
ஆரார் கேட்பார்கள்,
இரண்டு பேருக்கும் தெரியும்.

பதினைந்து சின்னன், மூன்று பெரிது, கல்வாழை ஒரு துண்டு.
எண்ணூற்று ஐம்பது. பழைய பேப்பரில் சுற்றித் தந்தாள்.

ஞாயிறு காலை, நைட் முடிந்து,
யூனிபோம் மாற்றாமல் சோற்றுக் கரண்டியால் தோண்டினேன்.
சின்னனுக்கு இரண்டு விரல் ஆழம்.
விரலால் அளப்பது எனக்குப் பழக்கம்,
லேபர் றூமில் அதுதான் கணக்கு:
இரண்டு விரல் என்றால் இன்னும் நேரம் கிடக்கிறது.
பெரிதுக்குக் கழுத்து வெளியே தெரிய வேண்டும்,
மூச்சு விட.

நாலு நாள் பொறுத்தேன்.
ஐந்தாம் நாள் ஒன்றைக் கிளறிப் பார்த்தேன்.
அடியில் ஒரு வெள்ளை வேர்,
தையல் நூல் அளவு.
களவெடுத்தவள் மாதிரி மூடினேன்.

ஐப்பசி பிந்தித்தான் வந்தது.
வந்த இரவு நான் வார்டில்.
கூரைத் தகரத்தில் அது விழுந்த சத்தத்தில்
ஒரு அம்மா பெற்றதே கேட்கவில்லை,
பிள்ளை கத்தியது மட்டும் கேட்டது.

மூன்றாம் நாள் காலை
கேற்றைத் திறந்தால் முற்றம் முழுக்க இளஞ்சிவப்பு.
நோயாளரை எண்ணுகிற பழக்கத்தில் எண்ணினேன்.
பதினான்கு.
வராதது நான் கிளறியதா, வேறா,
இப்போது அடையாளம் இல்லை.

பின் வேலியில்,
நான் வாங்காத, நடாத ஒரு கொடி
கம்பியை இலை நுனியால் பிடித்து ஏறி
ஒரு மொட்டை நெருப்பு நிறத்தில் திருப்பியிருந்தது.
எத்தனை வருடமாய்க் கீழே கிடந்ததோ.

கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு நனைந்த வெள்ளை யூனிபோமை
அதன் மேல் விரித்துக் காயப் போட்டுவிட்டு
தூங்கப் போனேன்.