கட்டைவிரல் கணக்கு

அம்மா கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.
அதுதான் விதி.
அவள் முகத்திலிருந்து குழந்தை
எதையும் படித்துவிடக் கூடாதாம்.

புடாபெஸ்ட்டில் ஜனவரி.
டிராம் கம்பிகளில் பனி.
ஈரக் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து
எமெஷே இறுக மூடிக்கொண்டாள்.
மடியில் வில்மோஷ்: பத்து மாதம், இரண்டு பல்,
ஒரு காலில் மட்டும் காலுறை.

நான் தட்டிக்குப் பின்னால்.
கையில் பொத்தான்.
அவன் பார்க்கும்வரை அழுத்தியிருப்பேன்,
பார்வை நழுவினால் எடுப்பேன்.
இதற்குத்தான் சம்பளம்.

திரையில் ஒரு பாலம்.
இந்தப் பக்கமிருந்து பெரிய கட்டை, நீலம்.
அந்தப் பக்கமிருந்து சின்னது, மஞ்சள்.
ஆளுக்கொரு கண் உண்டு, வாய் கிடையாது.
நடுவில் முட்டின. பின்வாங்கின. மறுபடி முட்டின.
மஞ்சள் குனிந்து ஓரமாய்ப் படுத்தது.
நீலம் போயிற்று.

நான்கு வினாடி.
வில்மோஷ் தன் கால்விரலைத் தேடப் போய்விட்டான்.

அடுத்த முறை
நீலம் குனிந்தது.
அத்தனை பெரிய உடம்பும் மடங்கிச் சரிய
மஞ்சள் தன்பாட்டுக்குக் கடந்தது.

பொத்தானின் மேல் என் விரல் வெளுத்தது.
பதினொன்று. பதினைந்து. பத்தொன்பது.
வாயில் போட்ட முஷ்டி வாயிலேயே நிற்க
எச்சில் இழை மோவாயில் தொங்க
அவன் பார்த்தான்,
சில்லறை குறைந்தவன்
கடைக்காரரை நிமிர்ந்து பார்ப்பதுபோல.

யார் சொன்னது இவனுக்கு?
இன்னும் நிற்கத் தெரியாது.
'எனது' என்ற சொல் தெரியாது.

கண்ணைத் திறக்காமல் எமெஷே கேட்டாள்:
"சரியாகச் செய்கிறானா?"
சரி, தப்பு என்று எதுவும் இல்லை என்றேன்
தாளில் அச்சிட்டிருப்பதுபோலவே.

முடிந்தது. ஒரு துணி வாத்து பரிசு.
வண்டியில் அவனை வைத்துப் பட்டி மாட்டி
தாழ்வாரத்துக்கு வந்தோம். குறுகலானது.
எதிரே பேராசிரியர் ஹர்ஷானி,
கையில் காபி, காதில் போன்.
நடையின் வேகம் குறையவில்லை.

யாரும் யாரையும் கேட்கவில்லை.
நான் சுவரோடு ஒட்டினேன்.
எமெஷே வண்டியைப் பின்னுக்கு இழுத்து
கதவு மூலையில் நுழைத்துக்கொண்டாள்.
மன்னிக்கணும் என்றுகூடச் சொன்னாள்,
போய்விட்ட முதுகிடம்.

வில்மோஷ் தலை தூக்கிப் பார்த்தான்.
கையில் பொத்தான் இல்லை,
ஆனாலும் பைக்குள் என் கட்டைவிரல் அழுந்தியது:
ஒன்று. இரண்டு.

அதற்குள் அவன்
வாத்தின் அலகைக் கடிக்கத் தொடங்கியிருந்தான்.