பாடபேதம்: கயித்தான்

ஒரு கால் விடுபட்டால்
கோத்தர் கேத்தர் ஆகிவிடுவர்.
இலத்தீனிலும் கிட்டத்தட்ட அப்படித்தான்.
ஓர் உயிரெழுத்து மாற,
வடக்கிலிருந்து வந்த குடி
எப்போதோ அழிந்த இன்னொரு குடியாய்
எழுந்து நடக்கிறது.
அ ஏட்டில் ஒன்று, இ ஏட்டில் மற்றது,
உ ஏட்டில் இரண்டும், ஒரே பக்கத்தில்.

பாசையூரில் மீன் ஏலம் முடிந்த பிறகு
மடிக்கணினியைத் திறக்கிறேன்.
குளிர்நாடொன்றில் அச்சாகப்போகும் பதிப்பு;
எனக்குப் பக்கக் கணக்கில் கூலி.
ஆட்டுத்தோலின் படத்தைப்
பெரிதாக்கிப் பெரிதாக்கி
மயிர்த்துளை எது, புள்ளி எது என்று
கரண்ட் போகும்வரை பார்ப்பேன்.

மூலம் கிடையாது.
பன்னிரண்டு புத்தகமாய் ஒருவர் எழுதினாராம்.
மூன்று நாள் இரவலில் வாசித்த இன்னொருவர்
ஞாபகத்திலிருந்து சுருக்கினார்.
சுருக்கத்தைப் பார்த்து எழுதினவர்கள்,
அவர்களைப் பார்த்து எழுதினவர்கள்,
தூக்கக் கலக்கத்தில் ஒரு வரி தாண்டினவர்கள்.
கடைசியில் நான், நுளம்புத்திரிப் புகைக்குள்.

நேற்று வந்த பக்கம்:
சதுப்பைக் கடக்கையில் பாலம் முறிந்தது.
பாதிச் சனம் அந்தக் கரை, பாதி இந்தக் கரை.
அவ்விடத்தில் இன்றும் மாடு கதறுவது கேட்குமாம்.
உ ஏட்டில் "இன்றும்" இல்லை.
குறித்துக்கொண்டேன்.
நாவற்குழிப் பாலத்தை நினைக்கவில்லை.
பொய். நினைத்தேன்.

தம்பியின் பெயர் கயித்தான்.
தொண்ணூற்றாறு ஆடியில்
அந்தப் பாலத்தடியில் சைக்கிளோடு மறித்தார்கள்.
மூன்று பட்டியல் வைத்திருக்கிறேன்.
மூன்றிலும் "கைதான்".

கந்தோரில் நிதர்சினி சொன்னாள்:
"அக்கா, மூண்டு இடத்திலயும் பதிஞ்சிருக்கு.
மூண்டு சாட்சி. வேற என்ன வேணும்?"

ஒரே பிழையைச் செய்யும் மூன்று ஏடுகள்
மூன்றல்ல, ஒன்று.
இதை அவளுக்கு எப்படிச் சொல்ல?
யாரோ காதால் கேட்டுச் சிங்களத்தில் எழுத,
யாரோ அதை ஆங்கிலத்தில் தட்ட,
தமிழுக்குக் கொண்டுவந்த எழுத்தர்
தாளின் தலைப்பைப் பார்த்துப்
பெயரை வாசித்திருக்கிறார்.
கைதானவர் பட்டியலில் கைதான்.
மற்ற இருவரும் அவரைப் பார்த்து எழுதினார்கள்.
பாசையூர் பாசியூர், மூன்றிலும்.
வயது பத்தொன்பது, மூன்றிலும்.
அவனுக்கு இருபத்தொன்று.

எங்கள் வேலையில் ஒரு விதி:
இரண்டு பாடம் மோதினால் கடினமானதை எடு.
எழுதுகிற கை கடினத்தை எளிதாக்கும்,
எளிதை ஒருபோதும் கடினமாக்காது.

போன மாசியில் நாலாவது தாள் வந்தது.
மங்கிய நகல். கையெழுத்து.
"கயித்தான்." ஒற்றோடு, புள்ளியோடு.
அருகே கசிந்த மையில் ஒரு சொல்.
முதலெழுத்து போய்விட்டது,
"-டப்பட்டார்" மட்டும் தெளிவு.
"வி" போட்டுப் பார்த்தேன்.
இன்னோர் எழுத்தையும்.
இரண்டும் அந்த இடைவெளிக்குள் அடங்குகின்றன.

கண்டவர் எழுதிய தாளா?
இல்லை, எங்கள் ஊர்ப் பெயர்கள் தெரிந்த
கெட்டிக்கார எழுத்தர் ஒருவர்
கைதானைப் பார்த்துச் சிரித்துத் திருத்தியதா?
எந்த ஏட்டிலும் திருத்தத் தெரிந்தவருக்குத்தான்
நான் மிகவும் பயப்படுவேன்.
இருபத்தொன்று என்றிருந்தால் நம்பியிருப்பேன்.
வயது இருந்த இடத்தில்
மடிப்பு கிழிந்திருக்கிறது.

சீர்செய்ய முடியாத சொல்லின் இருபுறமும்
பதிப்பாசிரியர் ஒரு குறி இடுவார்.
குறுவாள் என்று பெயர்.
அச்சில் பார்த்தால் சிலுவை.
பாசையூரில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் சிலுவை போட்டால்
அது வேறு செய்தி.
பென்சிலைக் கீழே வைத்தேன்.

கோத்தர் பக்கத்தை இரவே அனுப்பிவிட்டேன்.
கேட்காத பரிந்துரை ஒன்றோடு:
உ ஏடு விட்டது தவறு.
"இன்றும்" மூலத்தில் நிற்கட்டும்.