குறுக்கீடு

டுலூத்தில் ஏரி உறைந்துவிட்டது.
நீதிமன்ற ஹீட்டர் தன்பாட்டுக்கு முனகுகிறது.
நான் சுருக்கெழுத்துக்காரி.
பேசுவதை எழுதுவேன். நினைப்பதை எழுத மாட்டேன்.
அதற்குத்தான் சம்பளம்.

நான்காம் நாள்.
எண்ணூற்று ஐம்பத்தொன்றா, ஐம்பத்துநான்கா என்று
காலையிலிருந்து மெகாஹெர்ட்ஸ் அளக்கிறார்கள்.
கண்ணுக்குத் தெரியாத வயலுக்கு
வரப்புச் சண்டை.
ஏலத்தில் எடுத்தோம், ரசீது இருக்கிறது என்றார்
கம்பெனி வக்கீல்.
ஏலம் என்ற பேச்சு வருவதற்கு முன்பே
நாங்கள் அங்கே இருந்தோம் என்றார்
தீயணைப்புத் துறை வக்கீல்.
ஆணையத்து ஆள் எழுந்து
இருவரையும் தள்ளித் தள்ளி உட்கார வைக்க
மூன்று வருஷம் ஆகும் என்றார்.
யார் செலவில்?
அதற்கு வாய்தா.

மதியம் ஒலிப்பதிவைப் போட்டார்கள்.
தானியக் கிடங்கு, ஏழாவது தளம்,
ரோலண்ட் கிவிமாக்கியின் குரல்:
‘படிக்கட்டு போச்சு, நாங்க மேற்கு...’
அப்புறம் தகரத்தில் மணல் கொட்டுகிற சத்தம்.
பதினொரு நொடி.

எதிர்ச் சாரியில் செல்போன் கோபுரம்.
அந்நேரம் அதன் வழியே
யாரோ பீட்சா கேட்டிருக்கலாம்.
யாரோ யாரிடமோ
‘சும்மாதான் கூப்பிட்டேன்’ என்றிருக்கலாம்.
எல்லாரும் அவரவர் அலைக்கற்றைக்குள்தான் இருந்தார்கள்.
இதைக் கம்பெனி மூன்று முறை சொன்னது,
மூன்று முறையும் எழுதினேன்.

கிவிமாக்கியின் மனைவி மூன்றாம் வரிசையில்,
கோட்டைக் கழற்றாமல்.

கூண்டில் மார்லிஸ் ஓட்கார்ட்,
அன்றிரவு கட்டுப்பாட்டு அறையில் இருந்தவள்.
‘மேற்குன்னா? சுவரா, ஜன்னலா?
கேட்டுக்கிட்டே இருந்தேன், நான்...’
ஆட்சேபணை என்று ஒருவர் எழ,
ஆட்சேபணைக்கு ஆட்சேபணை என்று மற்றவர் எழ,
அவளும் நிறுத்தவில்லை.
மூன்று குரல். என் விரல்கள் அந்தரத்தில்.

நீதிபதி மேசையைத் தட்டினார்:
‘ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் பேசாதீங்க.
அந்தம்மா எத்தனைக் குரலைத்தான் எழுதுவாங்க?’

சொல்லிவிட்டு
கண்ணாடியைக் கழற்றினார்.
துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.
ஹீட்டர் முனகியது.

பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு.
‘மேற்கு’ என்ற சொல்லுக்குப் பிறகு
‘தெளிவாகக் கேட்கவில்லை’ என்று போட வேண்டும்.
விதி அப்படி.
மணலுக்கு என் பலகையில் விசை கிடையாது.

ஐந்து மணிக்கு வண்டி நிறுத்தத்தில்
என் போனில் எல்லாக் கோடுகளும் நிறைந்திருந்தன.
தங்கையைக் கூப்பிட்டேன்.
முதல் மணியிலேயே எடுத்தாள்.
பக்கத்தில் நிற்பவள் மாதிரி அவ்வளவு துல்லியம்.
என்ன விஷயம் என்றாள்.

சும்மாதான்,
என்றேன்.